கருப்பட்டி காபிக்குச் சர்க்கரை ஏறாதா?

"சர்க்கரை நோயாளிகள் வெள்ளைச் சர்க்கரையை விட்டு கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் என மாறினால் போதும், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், மாத்திரைகூடத் தேவையில்லை." குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள் அட்டவணையைப் பாருங்கள்: 100 கிராம் கரும்பு வெல்லத்தில் சுமார் 85 கிராம் கார்போஹைட்ரேட். தேனையும் உலக சுகாதார நிறுவனம் குறைக்க வேண்டிய சர்க்கரைகளில்தான் சேர்த்திருக்கிறது.

இரும்புச்சத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, கொஞ்சம். காபியில் போடும் இரண்டு ஸ்பூனில் கிடைப்பது சொற்பம். அதற்காக நாளுக்கு நான்கு டம்ளர் குடித்தால் இரும்பைவிடச் சர்க்கரைதான் அதிகம் சேரும். ருசி வேறு விஷயம், சுக்குக் கருப்பட்டியின் மணத்தை யாரும் குறை சொல்லப்போவதில்லை.

சந்தேகமிருந்தால் வீட்டிலிருக்கும் குளுக்கோமீட்டரே சொல்லும். குடிப்பதற்கு முன் ஒரு முறை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை பார்த்து, இரண்டு எண்களையும் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்தச் செய்தியில் உண்மையிலேயே ஆபத்தானது மாத்திரை பற்றிய வரி. மாத்திரையையோ இன்சுலினையோ தானாக நிறுத்தினால் சர்க்கரை எகிறும். உடலில் இன்சுலின் கிட்டத்தட்ட சுரக்கவே சுரக்காத டைப் 1 நோயாளி இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் செய்தியை இனி ஃபார்வர்ட் செய்யாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.