பெயரை மட்டும் வீசிவிட்டுப் போகாதீர்கள்

முந்தாநாள் நம் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) குழுவில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம், நான் எழுதியது இப்போது அங்கே இல்லை. நீக்கிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை என்றுதான் இந்தப் பதிவை எழுதத் தொடங்கினேன். எழுதிப் பார்த்தபோதே அது பொய் என்று தெரிந்துவிட்டது. வருத்தம் இருக்கிறது.

ஒரு தம்பி கேட்டான்: "சில வாரமாகச் சரியாகத் தூக்கம் இல்லை. இரவில் பார்ப்பதற்கு, டார்க்கான, யோசிக்க வைக்கிற அனிமே சொல்லுங்கள்." அவ்வளவுதான் கேள்வி. அரை மணி நேரத்தில் நாற்பது பெயர்கள் வந்து விழுந்தன. வெறும் பெயர்கள். தூக்கம் ஏன் இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு தொடரைச் சொல்லி, அதில் எந்த மாதிரியான கனம் இருக்கிறது என்று நான்கு வரி எழுதினேன். அதற்குத்தான் ஸ்பாய்லர், கதையை முன்கூட்டியே உடைத்துவிட்டாய் என்றார்கள், அங்கிள் என்றார்கள், அனிமே பார்க்க மருந்துச் சீட்டு வேண்டுமா என்றார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. இருண்ட கதையை ஒருவருக்குப் பரிந்துரைத்தால், அந்த இருட்டு எதனால் ஆனது என்பதையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு வரி போதும். அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை.

டார்க் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் எதையெல்லாம் அடைத்து வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். 'மான்ஸ்டர்' டார்க். நகரத்தின் மேயரை விட்டுவிட்டு, தலையில் குண்டடிபட்டு முதலில் வந்த சிறுவனுக்கு அறுவை சிகிச்சை செய்கிறார் டாக்டர் டென்மா. அந்தச் சிறுவன் வளர்ந்து கொலைகாரனாக வந்து நிற்கிறான். 74 எபிசோடுகளும் அந்த ஒரு நல்ல காரியத்தின் பாரம்தான். 'பெர்ஃபெக்ட் ப்ளூ'வும் டார்க். பாட்டுக் குழுவை விட்டு நடிக்க வந்த பெண்ணின் மனம் துண்டு துண்டாகச் சிதறுவதை இயக்குநர் சதோஷி கோன் காட்டுகிறார். நடுவில் ஒரு பாலியல் வன்முறைக் காட்சி. படத்துக்குள் எடுக்கப்படும் தொலைக்காட்சித் தொடரின் காட்சிதான் அது, நடிப்புத்தான். ஆனாலும் பார்ப்பவர் மனம் அந்தக் கணக்கையெல்லாம் போடாது. 'டெக்னோலைஸ்' இன்னொரு வகை. முதல் எபிசோடில் பேச்சு என்பதே அரிது. இருட்டும் வலியும் மட்டும் நகர்ந்துகொண்டிருக்கும். 1998இல் வந்த 'சீரியல் எக்ஸ்பெரிமென்ட்ஸ் லேன்' 13 எபிசோடுகள்தான். அது தொடங்குவதே ஒரு பள்ளிச் சிறுமியின் தற்கொலையோடு. இறந்தவளிடமிருந்து பிறகு மின்னஞ்சல் வருகிறது, உடலைத்தான் விட்டேன், இங்கே உயிரோடு இருக்கிறேன் என்கிற தொனியில்.

இப்போது அந்தத் தம்பியின் கேள்வியை மறுபடி படியுங்கள். சில வாரமாகத் தூக்கம் இல்லை. இரவில் பார்க்க வேண்டும். அவனுக்கு வந்த முதல் ஐந்து பதில்களில் மூன்று 'லேன்'. மூன்று பேரும் ஒரு வார்த்தை கூடுதலாக எழுதவில்லை. அது மகத்தான தொடர். எனக்கு அதன்மேல் இருக்கும் மதிப்பை நான் யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் நிமிடங்களில் என்ன வருகிறது என்று அவனிடம் சொல்ல வேண்டாமா? அவன் எந்த நிலையில் இருக்கிறான் என்று நமக்குத் தெரியுமா?

எனக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். இதுவரை வெளியில் சொன்னதில்லை.

கல்லூரிக் காலம். அறை நண்பன் ஒருவன். இரண்டு வருடம் ஒரே அறை, அவனைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவனுக்கு அனிமே பழக்கியதே நான்தான். ஒரு விடுமுறை நாளில், போரில் ஆதரவிழந்த ஒரு அண்ணன் தங்கையின் கதையான 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்' படத்தைப் போட்டேன். இதைப் பார்த்து அழவில்லை என்றால் உனக்கு நெஞ்சே இல்லை என்று சவால் வேறு விட்டேன். அவன் கட்டிலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். மடிக்கணினி இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலியின்மேல்.

படம் பார்த்தவர்களுக்கு அந்த மிட்டாய் டப்பா நினைவிருக்கும். தகர டப்பா. மிட்டாய் தீர்ந்த பிறகு தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் குடிப்பார்கள். கடைசியில் பசியில் நினைவு தடுமாறிய தங்கை செத்சுகோ கோலிக்குண்டை மிட்டாய் என்று வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருப்பாள். அண்ணனுக்கு மண்ணை உருட்டி வைத்து, சோறு, சாப்பிடு என்பாள். அந்த இடத்தில் என் நண்பன் முன்னால் நகர்ந்து மடிக்கணினியை மூடினான். கோபமாக மூடவில்லை. தூங்கும் குழந்தைமேல் போர்வை இழுத்து விடுவதுபோல, சத்தம் வராமல் மூடினான். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனான். ஒரு மணி நேரம் வரவில்லை.

அவனுக்கு ஒரு தங்கை இருந்திருக்கிறாள். ஐந்து வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அவளும் இப்படித்தான் விளையாட்டுச் சமையல் செய்து கொண்டுவந்து வாயருகே நீட்டுவாளாம். இரண்டு வருடத்தில் அவன் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவன் சொன்ன பதில்தான் இன்றுவரை என்னோடு வருகிறது: "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இதைத் தனியாகப் பார்த்திருப்பேன்."

கவனியுங்கள். பார்த்திருக்க மாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. தனியாகப் பார்த்திருப்பேன் என்றான். எச்சரிக்கை கொடுத்தால் ஆட்கள் நல்ல படைப்புகளைப் பார்க்காமல் ஓடிவிடுவார்கள் என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தாரே, அவருக்கு என் பதில் இதுதான். ஓட மாட்டார்கள். எந்த நாளில், யாரோடு, எந்த மனநிலையில் பார்ப்பது என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். அந்த முடிவை என் நண்பனிடமிருந்து நான் பறித்துவிட்டேன். நல்ல நோக்கத்தோடுதான் பறித்தேன்.

அடுத்து ஸ்பாய்லர் என்ற குற்றச்சாட்டு. இதைச் சொல்பவர்கள் அதே படத்தின் முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். 1945 செப்டம்பர் 21ஆம் தேதி இரவு நான் இறந்தேன் என்று அண்ணன் செய்தா தன் வாயாலேயே சொல்வதில்தான் படமே தொடங்குகிறது. ரயில் நிலையத்தைத் துப்புரவு செய்பவர் அந்த டப்பாவை வெளியே வீசுகிறார், மூடி திறந்து சிறு எலும்புத் துண்டுகள் சிதறுகின்றன. இரண்டு குழந்தைகளும் பிழைக்கப் போவதில்லை என்று ஐந்து நிமிடத்துக்குள் இயக்குநர் ஈசாவோ தகஹாத்தா நம்மிடம் சொல்லிவிடுகிறார். சொன்ன பிறகும் ஒன்றரை மணி நேரம் நம்மை அசைய விடாமல் உட்கார வைக்கிறார். 'மான்ஸ்டர்' கொலைகாரன் யார் என்பதை ஆரம்ப எபிசோடுகளிலேயே காட்டிவிடுகிறது. இவற்றை எடுத்தவர்களே முடிவை ஒளித்து வைக்கவில்லை. "இதில் குழந்தைகளின் மரணம் உண்டு" என்று எழுதும் ஒரு வரி எதைக் கெடுத்துவிடும்?

சிறுமிகளுக்கான மாயாஜாலத் தொடர்போலத் தோன்றும் 'மடோகா மேஜிகா'வை ஒருவர் எடுத்துக் காட்டினார். சரி, அது நியாயமான கேள்வி. 2011இல் வந்த அந்தத் தொடரின் மூன்றாவது எபிசோடைத் தெரியாமல் போய்ப் பார்ப்பதில்தான் பாதி வலிமை. அதை நான் யாருக்கும் உடைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால், வெளித்தோற்றத்தை நம்பி வீட்டில் சின்னக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டிவிடாதீர்கள் என்று சொன்னால் எந்த ரகசியமும் உடையாது. அவ்வளவு போதும்.

விவரம் வேண்டியவர்கள் இணையத்தில் தேடிக்கொள்வார்களே என்கிறார்கள். தேடிக்கொள்வதாக இருந்தால் நம்மிடம் ஏன் கேட்கிறார்கள்? மனிதரிடம் கேட்பது மனிதர் சொல்வார் என்றுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கோபம் முந்தாநாள் வந்ததில்லை, பல மாதமாகவே உள்ளே இருக்கிறது. இருண்ட அனிமேவை நாம் பதக்கம்போல மாட்டிக்கொண்டு திரிகிறோம். நான் இதைப் பார்த்துவிட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்கிறார் ஒருவர். இதெல்லாம் ஒரு டார்க்கா, இன்னும் கொடூரமானது இருக்கிறது என்கிறார் அடுத்தவர். யாருக்கு மனம் மரத்துப்போயிருக்கிறது என்பதில் போட்டி. இதற்கா அவர்கள் இவற்றைச் செய்தார்கள்? 'ஃபயர்ஃபிளைஸ்' படத்தின் மூலக் கதையை எழுதிய அகியூகி நொசாகா போர்க்காலத்தில் தன் தங்கையைப் பட்டினிக்குப் பறிகொடுத்தவர். கதையில் வரும் அண்ணனைப்போல் தான் அவளிடம் அன்பாக இருக்கவில்லை என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். 1967இல் அந்தக் கதையை எழுதியது ஒருவகையில் அவளிடம் கேட்ட மன்னிப்பு. 'எவாஞ்செலியன்' தொடரை எடுத்த ஹிதேயாகி அன்னோ, அதற்கு முன் நான்கு ஆண்டுகள் எதுவும் செய்ய இயலாமல் உடைந்து கிடந்ததாக எழுதியிருக்கிறார். காயத்திலிருந்து எடுத்து நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். நாம் அதை வைத்து யார் கெட்டித்தோல் என்று அளந்துகொண்டிருக்கிறோம்.

"இது அனிமே குழு, மனநல ஆலோசனை மையம் அல்ல" என்று ஒருவர் எழுதியதற்குத்தான் அதிக விருப்பக்குறிகள் விழுந்தன. எண்ணிப் பார்த்தேன், அதில் என் நெடுநாள் நண்பர்கள் ஆறு பேர். அவர்களில் இரண்டு பேருக்கு, அவர்கள் வாழ்க்கையின் மோசமான மாதங்களில், எந்தத் தொடரை இப்போது பார்க்கலாம், எதைத் தள்ளிப் போடலாம் என்று நள்ளிரவில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவன் நான். அப்போது நான் அங்கிளாகத் தெரியவில்லை. இதைச் சொல்லிக்காட்டுகிறேனே என்று எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் வலிக்கிறது.

யாரையும் குணப்படுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அந்தத் தகுதியும் இல்லை. தூக்கம் இல்லை என்று ஒரு பையன் எழுதினால், என்னப்பா ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிறகு பெயரைச் சொல்லலாம். அதற்கு எந்தத் தகுதியும் வேண்டாம்.

நான் அவனுக்குச் சொன்ன தொடர் 'ஹைபானே ரென்மெய்'. 2002, 13 எபிசோடுகள். அதைச் சொன்னதற்கும் கேலி, அது டார்க்கே இல்லையாம். முதல் எபிசோடில் ரக்கா என்ற பெண்ணுக்கு முதுகைக் கிழித்துக்கொண்டு இறகு முளைக்கிறது. துடிக்கிறாள். பக்கத்தில் ரெக்கி இருக்கிறாள். ரக்கா வலியில் நாக்கைக் கடித்துக்கொள்ளக் கூடாது என்று தன் விரல்களை அவள் வாயில் கொடுக்கிறாள். பிறகு அவள் மயங்கிக் கிடக்க, விடிய விடிய உட்கார்ந்து அந்த இறகுகளிலிருந்து இரத்தத்தைத் துடைத்து எடுக்கிறாள். குற்ற உணர்வு ஒரு மனிதரை உள்ளுக்குள் எப்படித் தின்னும் என்பதை அந்தத் தொடர் காட்டும் அளவுக்கு, தலைகள் உருளும் எத்தனையோ தொடர்கள் காட்டியதில்லை. இது டார்க் இல்லை என்றால் அந்தச் சொல்லுக்கு நீங்கள் என்ன பொருள் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அந்தத் தம்பி இதைப் படிப்பான் என்று நம்புகிறேன். தம்பி, நான் எழுதியதை எடுத்துவிட்டார்கள், அதனால் இங்கே மறுபடி எழுதுகிறேன். முதல் எபிசோடின் முடிவில் இரத்தமும் வலியும் உண்டு, கொஞ்ச நேரம்தான். நடுவில் ஒரு பிரிவு வரும். அதற்குப் பிறகு சில எபிசோடுகள் மனதை அழுத்தும், தன்னையே வெறுக்கும் ஒருத்தியோடு நீ உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். அங்கே நிறுத்தத் தோன்றினால் நிறுத்து, அதனால் நீ குறைந்துபோக மாட்டாய். படுக்கப் போகும் நேரத்தில் பார்க்காதே, மாலையில் பார், ஒரு நாளைக்கு ஒன்று. 'லேன்' எங்கும் ஓடிப் போகாது, நன்றாகத் தூங்க ஆரம்பித்த பிறகு பார்க்கலாம். உன் தூக்கத்தைப் பற்றி வீட்டில் யாரிடமாவது, இல்லையென்றால் ஒரு மருத்துவரிடம் பேசு. யாரும் இல்லை என்று தோன்றினால் எனக்கு எழுது, எந்த நேரமானாலும்.

நாளை மாலை ஆறு மணிக்கு நான் முதல் எபிசோடை மறுபடி பார்க்கப் போகிறேன். நீயும் அதே நேரத்தில் ஆரம்பி. ரெக்கி இறகு துடைக்கும் இடம் வந்ததும் எனக்கு ஒரு செய்தி அனுப்பு.