சாவி கொடுத்தவனுக்கும் பங்கு உண்டு

ஏற்காடு மலைப் பாதையில் எங்கள் பழக்கார அண்ணன் மேல் மோதி, அவர் உயிரைப் பறித்த காரில் நான்கு பேர் இருந்தார்கள். வழக்கு ஓட்டியவன் மேல் மட்டும். மற்ற மூவரும் வெறும் சாட்சிகளாம். மனசு ஆறவே இல்லை.

அண்ணன் எனக்குச் சொந்தமில்லை. மலையிலிருந்து எக்ஸ்எல் வண்டியில் கூடை கட்டி, சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் தெருவுக்குப் பழம் கொண்டுவருவார். அவர் பெயரே கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். எல்லோருக்கும் அவர் பட்டர் ஃப்ரூட் அண்ணன். காம்புப் பக்கம் கட்டைவிரலால் லேசாக அமுக்கிப் பார்ப்பார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பழத்தோல் மேலேயே 'வியாழன்', 'சனி' என்று எழுதித் தருவார். அன்றைக்கு அறுத்தால் சரியான பதம். அவசரப்பட்டால் கசக்கும். சில்லறை இல்லையென்றால், "அடுத்த வாட்டி குடுங்க தம்பி" என்று வண்டியைக் கிளப்பிவிடுவார். அம்மா கால் ஒடிந்து படுத்திருந்தபோது மாடியேறி வந்து கொடுத்துவிட்டு, ரெண்டு நிமிஷம் நின்று பேசிவிட்டும் போவார்.

அன்றைக்கு விற்று முடித்து, காலிக் கூடையோடு வீட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார். குறுகலான மலைப் பாதையில் இறங்கும் வண்டிதான் நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். சாலை விதியிலேயே இருக்கிறது. போதையில் வந்தவன் வளைவில் எதிர்ப்பக்கமே ஏறிவிட்டான்.

"எலுமிச்சை ஜூஸ் குடிச்சு, முகம் கழுவிட்டுத்தான் கிளம்பினோம், தெளிவாத்தான் இருந்தான்" என்று கூட வந்தவர்கள் சொன்னார்களாம். ஜூஸுக்கும் தண்ணீருக்கும் போதை இறங்காது. கல்லீரல் அதன் வேகத்தில்தான் சாராயத்தைக் கரைக்கும், அதற்கு மணிக்கணக்காகும். ஆக, அவன் குடித்திருந்தது இவர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவை எல்லோரும் சொல்வார்கள்: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதே சட்டத்தில் 188ஆம் பிரிவை யாரும் பேசுவதில்லை. இந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனை என்கிறது அது. சும்மா உட்கார்ந்து வந்ததே உடந்தையாகிவிடுமா என்று வக்கீல் நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சாவி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, "நீ ஓட்டு மச்சான்" என்று சொன்னது யார் என்று விசாரிக்கவாவது வேண்டாமா?

இன்னொன்று. சோதனையை அடிவாரத்தில் வைத்து என்ன பயன்? அங்கே பிடிபடுகிறவன் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் போதையிலேயே தாண்டி வந்திருப்பான். மேலே, ஏரிப் பக்கம், இறங்குவதற்கு முன்னாலேயே நிறுத்தி ஊதச் சொல்ல வேண்டும். கோடை விழாக் கூட்டம் வருவதற்குள் இது நடக்க வேண்டும்.

இந்த இரண்டையும் எழுதி, வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கிறோம். அண்ணன் வீட்டு அக்காவும் வருகிறார். அவரிடம் பழம் வாங்கியவர்கள் யாராக இருந்தாலும் வாருங்கள்.