அந்த ஸ்கூட்டி படத்தைப் போட்ட ஆக்களுக்கு

சனிக்கிழமை செத்தவீட்டு வாசல்ல எடுத்த படத்த எல்லாரும் பாத்திருப்பீங்க. எங்கட போதகர் ஐயா புது ஸ்கூட்டில இருக்கிறார், மேல "காணிக்கைக் காசு ஓடுது" எண்டு எழுத்து. அதுக்கு சிரிப்பு ரியாக்சன் போட்டவங்களில கனபேர் அவர்ட கையால ஞானஸ்நானம் வாங்கின பிள்ளையள். அதுதான் எனக்கு நெஞ்சில குத்துது.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணிட்டு மிச்ச ஆறு நாளும் சும்மா இருக்கிறார் எண்டு நினைக்கிறீங்க. சும்மா இல்ல. நான் அவர்ட மகள், எனக்குத் தெரியும்.

ஸ்கூட்டிக் கதைக்கு வாறன். எங்கட சபை பிரஸ்பிட்டேரியன் சபை, பிஷப் இல்ல. பிரஸ்பிட்டேரியன் எண்ட சொல்லே மூப்பர் எண்டு அர்த்தம் வாற கிரேக்கச் சொல்லில இருந்து வந்தது, ஸ்கொட்லாந்தில 1560ல ஜோன் நொக்ஸ் காலத்தில வேர்விட்ட ஒழுங்கு. நீங்க கையுயர்த்தித் தெரிவு செய்த மூப்பர்மார்தான் செஷன்ல, அதாவது சபையை நடத்திற குழுவில இருக்கினம். போதகர் தலைமை தாங்குவார், ஆனா தனிய முடிவெடுக்க ஏலாது. காணிக்கையை எண்ணிறது பொருளாளர், கணக்கு வாசிக்கிறது வருடாந்தக் கூட்டத்தில. அந்த ஸ்கூட்டிய வாங்கிக் குடுத்ததும் செஷன்தான், பழைய மோட்டச்சைக்கிள் கண்டி றோட்டில ரெண்டு தரம் நிண்டு போச்சு எண்டு. கூட்டத்துக்கு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

"எல்லாப் பாஸ்டரும் நல்லவங்களா?" எண்டு ஒருத்தர் கேட்டிருந்தார். இல்ல. காசுக்காக ஓடுற ஆக்களும் இருக்கினம். அதுக்கு இவர் என்ன செய்வார்?

2004 டிசம்பர் 26, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. அப்பா அங்கியோட ஆராதனைக்கு நிண்டவர், கடல் வருது எண்டு சனம் ஓடி வந்தோடன அங்கியக் கழட்டி எறிஞ்சுபோட்டு உப்புவெளிப் பக்கம் போனவர். மூண்டாம் நாள்தான் வந்தார். எங்கட சபை ஆக்கள் எண்டு பாக்கேல்ல, கோயிலுக்குப் போறவங்க, பள்ளிவாசலுக்குப் போறவங்க எல்லாரோடயும் சேந்து பிரேதம் தூக்கினவர். வீட்டுக்குள்ள வரேல்ல. கிணத்தடியில குந்தி இருந்தார், அம்மா டெட்டோல் கலந்த தண்ணிய வாளி வாளியா ஊத்த ஊத்த அவர் கையை மட்டும் தேய்ச்சுக்கொண்டே இருந்தார், நகத்துக்குள்ள மண். நான் துவாயோட நிண்டனான், என்னை நிமிந்து பாக்கேல்ல. அடுத்த ஞாயிறு பிரசங்க மேடையில ஏறி வசனத்த வாசிச்சவர், பாதியில குரல் அடைச்சிட்டுது. பின்னால இருந்த ஒருத்தர் "ஐயா இண்டைக்கு ஆயத்தம் இல்லாம வந்திட்டார்" எண்டு சொன்னது என்ட காதுக்குக் கேட்டது. இருபது வருசம் தாண்டியும் அந்தக் குரல் மறக்கேல்ல.

"சம்பளம் வாங்கிறார்தானே, செய்யத்தானே வேணும்" எண்டு சொல்லுவீங்க. வாங்கிறார். எங்கட வீட்டுக்கு அந்தச் சம்பளம் மாசம் இருபதாம் திகதிக்கு மேல காணாது, அம்மா தையல் தச்சுத்தான் என்னைப் படிப்பிச்சவ. இரவு ரெண்டு மணிக்கு போன் அடிச்சா எங்கட வீட்டில மூண்டு பேரும் எழும்புவம், அம்மா தேத்தண்ணிக்கு அடுப்ப மூட்டுவா, அவர் போயிடுவார், தேத்தண்ணி ஆடை கட்டி விடிய வரைக்கும் மேசையில கிடக்கும். அம்மாக்கு எவன் சம்பளம் குடுத்தவன்? பள்ளிக்கூடத்தில சத்தமாச் சிரிச்சாலும் "பாஸ்டர்ட பிள்ளை இப்பிடியா" எண்டு கேட்ட ஆக்களுக்கு நான் என்ன கடன் பட்டனான்?

சனிக்கிழமை அந்தச் செத்தவீட்டுக்கு முதல் அவர் ஆஸ்பத்திரியில ஒரு ஆளுக்குப் பக்கத்தில விடிய விடிய இருந்திட்டு வந்தவர். அந்தப் படத்தில அவர்ட கண்ணப் பெரிசாக்கிப் பாருங்க, சிவந்திருக்கு. படம் எடுத்த தம்பி, அத அழிச்சுப்போட்டு ஒருக்கா அவர் இருக்கிற மிஷன் வீட்டுக்குப் போங்க. அவர் உங்களைக் கண்டா முதல் உங்கட அம்மாட சுகம்தான் விசாரிப்பார்.