ஹனுக்காவை கிறிஸ்துமஸோடு மோதவிடாதீர்கள்

அமெரிக்காவில் யூதப் பிள்ளைகளை வளர்க்கும் வீடுகளில் நவம்பர் கடைசியிலேயே ஒரு பதற்றம் தொற்றிக்கொள்ளும். தெருவெல்லாம் சீரியல் விளக்கு, கடையெல்லாம் கிறிஸ்துமஸ் பாட்டு. "நம்ம வீட்ல மட்டும் ஏன் மரம் இல்ல?" என்று பிள்ளை கேட்டதும் பெற்றோர் அதே சமயம் வரும் யூத விளக்குப் பண்டிகையான ஹனுக்காவைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். எட்டு ராத்திரி, எட்டு பரிசு, நீலமும் வெள்ளியுமாகத் தோரணம். என்னைக் கேட்டால், ஜெயிக்கவே முடியாத போட்டி இது.

பிட்ஸ்பர்க்கில் ஓர் அரசுக் கட்டடத்துக்கு வெளியே 45 அடி கிறிஸ்துமஸ் மரமும் பக்கத்திலேயே 18 அடி மெனோராவும் (ஹனுக்கா விளக்குத் தண்டு) வைத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வைக்கலாம் என்று 1989இல் தீர்ப்பு வந்தது. சட்டம் கிடக்கட்டும், அளவைப் பாருங்கள். மரத்தின் பக்கத்தில் நிறுத்தினால் ஹனுக்கா என்றைக்கும் அந்த 18 அடிதான்.

மதக் கணக்கில் ஹனுக்கா சின்னப் பண்டிகை. யூத வேதமான தோராவில் அது கிடையாது. அன்று வேலைக்குப் போகலாம், கார் ஓட்டலாம். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் காசு கொடுப்பதுதான் பழைய வழக்கம். பரிசுக் குவியல் கிறிஸ்துமஸைப் பார்த்துப் பெருத்தது. ஒரு ராத்திரி பரிசு, ஒரு ராத்திரி காசு, ஒரு ராத்திரி பிள்ளையே தேர்ந்தெடுத்த இடத்துக்கு நன்கொடை, இவ்வளவு போதும். எட்டும் பரிசு என்று ஆரம்பித்தால் நாலாம் நாளே "இன்னைக்கு இவ்வளவுதானா?" என்ற கேள்வி வரும்.

சின்னதைச் சின்னதாகவே, ஆனால் சரியாகச் செய்யுங்கள். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று கூடும் மெழுகுவர்த்திகளை மெனோராவில் வலமிருந்து இடமாக அடுக்க வேண்டும். ஏற்றும்போது புதிதாக வைத்ததில் தொடங்கி இடமிருந்து வலமாக வர வேண்டும். தினமும் மற்றவற்றை ஏற்றப் பயன்படும் ஷமாஷ் என்ற மெழுகுவர்த்தியையும் சேர்த்து எட்டு நாளுக்கு 44. பெட்டியிலும் கச்சிதமாக 44தான் இருக்கும். நாலைந்து உடைந்தே வரும் என்பதால் இரண்டு பெட்டி வாங்குங்கள். சிக்கல் வெள்ளிக்கிழமைதான். அன்று மாலை தொடங்கும் வாராந்திர ஓய்வு நாளான சபாத்தின் விளக்குக்கு முன்பே, பொழுது சாய்வதற்குள், ஹனுக்கா விளக்கை ஏற்றிவிட வேண்டும். நன்றாக இருட்டி அரை மணி வரை அது எரியவும் வேண்டும். பெட்டி மெழுகுவர்த்தி அரை மணியில் தீர்ந்துவிடும். ஒன்றரை மணி நேரமாவது தாங்கும் தடித்ததோ எண்ணெய்த் திரியோ தனியாக வேண்டும். இன்னொன்று, இறைச்சியையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்பது யூத உணவு விதி என்பதால், இறைச்சிச் சாப்பாடு முடிந்த கையோடு காசு வடிவப் பால் சாக்லேட் கூடாது. பால் சேராதது என்று உறையில் பார்த்து வாங்காவிட்டால் பிள்ளை கையிலிருந்து பிடுங்க வேண்டி வரும்.

அப்போ, மரம் அலங்கரிக்கும் ஆசைக்கு என்ன பதில்? பதில் செப்டம்பர் அக்டோபரிலேயே வந்து போயிருக்கும்: பந்தல் கட்டி ஒரு வாரம் அதில் சாப்பிடும் சுக்கோத் பண்டிகை. பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூரின் நோன்பு முடிந்த ராத்திரியே பந்தலுக்கு முதல் கம்பை நட்டுவிடுவது வழக்கம். ஐந்தாம் நாள் பண்டிகை. மதச் சட்டப்படி பந்தலுக்கு இரண்டு முழுச் சுவரும் மூன்றாவதில் கொஞ்சமும் போதும், மூன்றையும் முழுதாகக் கட்டிவிட்டால் நிம்மதி. கூரை மண்ணில் முளைத்து வெட்டியதாக இருக்க வேண்டும்: மூங்கில், சோளத்தட்டை, ஓலை. வெயிலைவிட நிழல் அதிகம் விழ வேண்டும், ஆனால் ராத்திரி நட்சத்திரம் தெரியட்டும். மரக்கிளைக்கு அடியிலோ மாடிப் பால்கனிக்கு அடியிலோ கட்டினால் செல்லாது. இடம் பார்க்கும்போதே அண்ணாந்து பாருங்கள். தார்ப்பாய்ச் சுவர் என்றால் அடிப்பக்கத்தையும் இழுத்துக் கட்டுங்கள். காற்றில் படபடக்கும் சுவர் சுவராகாது. நிஜப் பழம் தொங்கவிட்டால் குளவி வரும். காகிதச் சங்கிலி மழையில் சாயம் விட்டு மேஜைத்துணியில் இறங்கும், பிள்ளைகள் வரைந்த படங்களை லேமினேட் செய்துவிடுங்கள். கஞ்சி கெட்டுப்போகும் அளவு மழை பெய்தால் வீட்டுக்குள் போகலாம் என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவே சொல்கிறது. தானே தோரணம் ஒட்டி, ஒரு வாரம் அதற்கடியில் சாப்பிட்ட பிள்ளைக்கு டிசம்பர் மரம் அடுத்த வீட்டு அலங்காரம், அவ்வளவே.

மற்றவை அவ்வளவு கஷ்டமில்லை. தேங்க்ஸ்கிவிங் பெரும்பாலோர் கொண்டாடுவதுதான். விருந்தில் வான்கோழி இருப்பதால் பூசணி 'பை' (pie) இனிப்பில் பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால். ஹாலோவீனில் மரபைக் கறாராகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் வீடுகள் ஒதுங்கிக்கொள்ளும். வேஷம் கட்டப் பூரிம் என்ற யூதப் பண்டிகை இருக்கிறது. ஈஸ்டர் மிட்டாய், புளித்த மாவுப் பண்டங்களை விலக்கும் பெசாக் பண்டிகை வாரத்தில் பள்ளிப் பையில் வந்தால் தூக்கிப் போடாமல் எட்டு நாள் கழித்துக் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள்: ஜெலட்டின் பன்றியிலிருந்து வந்ததா என்பதையும் பார்க்க வேண்டும்.

பள்ளிக்குக் கடிதம் ஆகஸ்டிலேயே போகட்டும். பண்டிகை முந்தின நாள் மாலையே தொடங்குகிறது என்பதைத் தேதியோடு எழுதுங்கள். இல்லாவிட்டால் யோம் கிப்பூர் மறுநாள் காலையில் கணக்குப் பரீட்சை இருக்கும், பிள்ளை நோன்பு வீட்டில் உட்கார்ந்து படிக்கும். டிசம்பரில் டீச்சர் "ஹனுக்கா பற்றி வகுப்பில் பேச வாங்க" என்று அழைத்தால் போங்கள், ஆனால் யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கும் வருகிறேன் என்று சொல்லுங்கள். பண்டிகையை விளக்கும் அந்த வேலையைப் பிள்ளை தலையில் கட்டாதீர்கள்.

கலப்புத் திருமணக் குடும்பங்களுக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தாது. அமெரிக்க யூதர்களில் 32 சதவீதம் பேர் வீட்டில் மரம் வைத்ததாகப் பியூ ஆய்வு நிறுவனம் 2013இல் சொன்னது. பாட்டி வீட்டில் மரம் இருந்தால் அது பாட்டியின் பண்டிகை, நாம் விருந்தாளி என்று போகும் வழியிலேயே சொல்லிவிடலாம். மறைத்தால்தான் ஆசை கூடும். சாண்டா வெறும் கதைதான் என்று வகுப்பில் போட்டு உடைக்காதே என்பதையும் நாலு வயதிலேயே சொல்லி வையுங்கள், அடுத்த வீட்டு அம்மாவின் போன் மிச்சம்.