கழிப்பறைக்குள் சுவிட்ச் இருப்பது சட்டவிரோதமா?

"கழிப்பறைக்குள் விளக்கு சுவிட்ச் இருப்பது உலகெங்கும் தடை செய்யப்பட்டது, உடனே வெளியே மாற்றுங்கள்" என்று ஒரு செய்தி வலம் வருகிறது. அப்படி ஒரு பொதுத் தடை கிடையாது.

விதிகள் அறையின் பெயரைப் பார்ப்பதில்லை. குளியல் தொட்டியோ ஷவரோ இருக்கிறதா, அதிலிருந்து எவ்வளவு தூரம் என்றுதான் பார்க்கின்றன. பல நாடுகளின் விதிகளுக்கு அடிப்படையான ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 60364 தரநிலையின் 701ஆம் பிரிவு, தொட்டியின் உட்புறத்தை மண்டலம் 0 என்கிறது. அதற்கு நேர்மேலே, தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம்வரை மண்டலம் 1. தொட்டியின் விளிம்பிலிருந்து வெளியே 60 சென்டிமீட்டர் வரை மண்டலம் 2. கட்டுப்பாடுகள் இறுகுவது இங்கேதான். வெறும் கழிப்பறைக் கோப்பையும் கை கழுவும் தொட்டியும் மட்டும் உள்ள சிறிய அறை இந்தப் பிரிவிலேயே வராது. (அதற்காகக் குழாயை ஒட்டியே சுவிட்சைப் பொருத்துவது புத்திசாலித்தனம் அல்ல.)

பிரிட்டனில் குளியலறைக் கூரையிலிருந்து கயிறு தொங்கும் சுவிட்சைப் பரவலாகக் காணலாம். சுவிட்ச் கைக்கெட்டாத உயரத்தில், கயிறு மட்டும் கைக்கு எட்டும்.

சுவிட்சின் இடத்தைவிட, மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவு மின்துண்டிப்பான் (RCD) இருக்கிறதா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் உடனே நிற்க வேண்டும்.

விதிகள் நாட்டுக்கு நாடு சற்று மாறும். உங்கள் நாட்டு மின்கம்பி விதிகளிலோ உரிமம் பெற்ற மின்பணியாளரிடமோ சரிபாருங்கள். அந்தச் செய்தியை மேற்கொண்டு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.