அரங்கு நிறைந்தால் லாபம் வந்துவிடுமா?

"நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் ஒரு இசை நாடகத்தை மூடுகிறார்கள் என்றால் கூட்டம் வரவில்லை, அவ்வளவுதான்" என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிக் கதை.

ஸ்பைடர்மேன் இசை நாடகத்தையே பாருங்கள். 2012 புத்தாண்டை ஒட்டிய ஒரே வாரத்தில் ஒன்பது காட்சிகளுக்கு 29 லட்சம் டாலருக்கு மேல் வசூல். பிராட்வேயில் அன்றைக்கு அது சாதனை. ஆயிரம் காட்சிகளுக்கு மேல் ஓடியது. ஆனாலும் 2014 ஜனவரி 4-ஆம் தேதி மூடியபோது, போட்ட ஏழரைக் கோடி டாலரில் பெரும்பகுதி திரும்பி வரவில்லை. 2013-இல் வசூல் சரிந்தது உண்மைதான். ஆனால் அது மட்டும் காரணமில்லை.

சினிமாவை ஒருமுறை எடுத்து முடித்தால் போதும். மேடையில் ஒவ்வொரு காட்சியையும் புதிதாக நிகழ்த்த வேண்டும். நடிகர்கள், வாத்தியக்காரர்கள், அந்தரத்தில் பறப்பவரின் கம்பியை இயக்குபவர், உடை மாற்றிவிடுபவர் என எல்லோருக்கும் வாரச் சம்பளம். அப்புறம் அரங்க வாடகை, விளம்பரம், கதையும் இசையும் எழுதியவர்களுக்கான உரிமைத்தொகை. இந்த நாடகத்துக்கு வாரச் செலவே பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அதற்குக் கீழே வசூலானால், கண்ணுக்குக் கூட்டம் தெரிந்தாலும் நஷ்டம்தான். செலவுக்கு மேலே மிஞ்சுவதுதான் போட்ட முதலீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கும்.

இன்னொன்று, வசூல் ஒப்பந்தத்தில் குறித்த அளவுக்குக் கீழே போனால் அரங்க உரிமையாளரே நாடகத்தை வெளியேற்றலாம். அடுத்த நாடகம் வாசலில் காத்திருக்கும்போது அவர் ஏன் பொறுக்கப் போகிறார்?