வீடு இறங்கவில்லை, ரோடுதான் ஏறிவிட்டது

செவ்வாய்க்கிழமை காலை பால் பாக்கெட் எடுக்கப் போனால் கேட் திறக்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகத் தெருவுக்குப் புது ரோடு போட்டுவிட்டார்கள். கேட்டின் கீழ்ச்சட்டம் தாரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. 52 வயதில் காம்பவுண்டு சுவர் ஏறிக் குதித்துப் பால் வாங்கினேன். எதிர் வீட்டு ஐயா பால்கனியில் நின்று, "ரோடு சூப்பரா இருக்குல்ல?" என்கிறார். வயிறு எரிந்தது.

1998இல் அப்பா இந்த வீட்டைக் கட்டியபோது போர்டிகோ தரை தெருவைவிட ஓர் அடி உயரம். "எதுக்குங்க இவ்வளவு உசரம்?" என்று அன்றைக்குக் கேட்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு ஐந்து முறை ரோடு போட்டாயிற்று. ஜல்லியும் தாருமாகத் தடவைக்கு நாலு அங்குலம். இன்றைக்கு டேப் வைத்து அளந்தேன். போர்டிகோ ரோட்டைவிட எட்டு அங்குலம் கீழே! வீடு அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் தெருவில் எல்லாரும் சொல்வது என்ன தெரியுமா? "உங்க வீடு பள்ளத்துல இருக்கு சார்." ஏதோ நான் குழி தோண்டி உள்ளே குடிபோன மாதிரி.

பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்தில்தான் புது ரோடு போட வேண்டும். 2021 மே மாதம் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு இதை உத்தரவாகவே போட்டார். பஸ் போகிற பெரிய ரோடுகளில் சுரண்டுகிற மெஷினை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் ரோடு போட்ட ராத்திரி சூபர்வைசரிடம் இதைக் கேட்டேன். "அந்த மெஷின் இந்தச் சந்துக்குள்ள வராது சார்" என்றார். தார்க்கலவை லாரி வந்தது, ரோலர் வந்தது, ஜல்லி டிப்பர் ரிவர்ஸிலேயே கடைசி வீடு வரைக்கும் வந்தது. சுரண்டுகிற மெஷினுக்கு மட்டும் சந்து குறுகிவிடுமா?

இது தென்சென்னைப் புறநகர். சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பினால் உபரி நீர் எங்களைத் தாண்டித்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டும். 2015 வெள்ளத்தில் தண்ணீர் கடைசிப் படியோடு நின்றது. 2023 மிக்ஜாம் புயலில் ஹாலுக்குள் வந்துவிட்டது. இனி புயலெல்லாம் தேவையில்லை, ஒரு மணி நேர மழை போதும். ரோட்டுத் தண்ணீர் நேராக சம்ப்பில் இறங்கும். அதைக் காலி செய்து பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, லாரித் தண்ணீர் வாங்கி நிரப்ப வேண்டும். மழைநீர் வடிகால் இல்லையா என்பீர்கள். இருக்கிறது, என் போர்டிகோவைவிட உயரத்தில்!

இதில் அக்கம்பக்கத்து ஆலோசனை வேறு. "ஜாக்கி வெச்சு வீட்டைத் தூக்கிடுங்க, இப்போ எல்லாரும் அதான் பண்றாங்க." அதையும் விசாரித்தேன். சுவரைத்தான் தூக்குவார்களாம், தரை கீழேயே நின்றுவிடும். மண் கொட்டி நிரப்பிப் புதிதாக டைல்ஸ் போட வேண்டும், பாத்ரூம் குழாய் எல்லாம் மாற்ற வேண்டும். மொத்தமாக 7 லட்சம் என்றார்கள். ரோடு போட்டவர்கள் நாலு அங்குலம் சுரண்டாததற்கு நான் 7 லட்சமா?

மனு கொடுக்கக் கையெழுத்து கேட்டால் யாரும் போடவில்லை. புதிதாகக் கட்டியவர்கள் மூன்றடி தூக்கிக் கட்டியிருக்கிறார்கள், அவர்களுக்கு ரோடு ஏற ஏற சௌகரியம். அது போதாதென்று ஆளாளுக்கு ரோடு வரைக்கும் சாய்தளம் இழுத்து வடிகால் வாயை மூடி வைத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரும் எனக்குத்தான். வரியில் மட்டும் பள்ளத்து வீட்டுக்குத் தள்ளுபடி உண்டா? இல்லை.

நேற்று வெல்டிங்காரரைக் கூப்பிட்டுக் கேட்டின் அடியை நாலு அங்குலம் வெட்டினேன். இது மூன்றாவது வெட்டு. "அடுத்த ரோட்டுக்கு வெட்டினா தாழ்ப்பாள் போயிடும் சார்" என்றார். அடுத்த ரோடு என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார் பாருங்கள்! வெட்டிய துண்டு வாசலிலேயே கிடந்தது. சாயங்காலம் எதிர் வீட்டு ஐயா வந்து, வேண்டாமென்றால் தான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அவர் வீட்டுச் சாய்தளத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டுமாம்.